மார்டள்ளிக்காரர் சொன்ன பொய்

மைசூரில் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் தீயணைப்பு ஆட்களுக்கும் ஊர்க்காவல் படையினருக்கும் வகுப்பெடுக்கும்போது லிங்கப்பன் தவறாமல் ஒரு சம்பவத்தைச் சொல்வார். மனம் கலங்கி, யாரையும் பக்கத்தில் அண்ட விடாமல் இருப்பவர்களை எப்படி அமைதிப்படுத்துவது என்பதுதான் பாடம். "ஒரு ஊழியர் இருந்தார்" என்று ஆரம்பிப்பார். அந்த ஊழியர் தான்தான் என்று எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் கிராமமான மார்டள்ளியில் அவர் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. நான்கு ஆண்பிள்ளைகளுக்கு அது எந்த மூலைக்கு? கொள்ளேகாலில் நர்சிங் டிப்ளமோ முடித்து, இருபத்து நாலு வயதில் மைசூருக்கு பஸ் ஏறினார். சில வருடம் தனியார் ஆஸ்பத்திரிகளில் அல்லாடிவிட்டு ஆம்புலன்ஸில் சேர்ந்தார். மேட்டகள்ளியில் இரண்டு அறை வீடு. மனைவி நாச்சம்மாள் கார்மெண்ட்ஸில் தைக்கப் போகிறாள். பிரசவம், விபத்து, மாரடைப்பு என்று எதற்கும் கை நடுங்காத மனிதர் என்று அவருக்குப் பேர்.

இன்னொரு பேரும் உண்டு. கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் யாராவது மனம் பிசகிக் கத்துகிறார்கள், கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள் என்றால் லிங்கப்பனைத்தான் அனுப்புவார்கள். போய் நின்று, நம்மூர்ப் பேச்சில் நாலு வார்த்தை. எதை வேண்டுமானாலும் சொல்லி வண்டியில் ஏற்றிவிட வேண்டும். அதுதான் அப்போது எல்லோருடைய வழக்கம். டிரைவர் நஞ்சுண்டசாமி அதற்குத் 'தமிழ் ஊசி' என்று பேர் வைத்திருந்தார்.

"ஏன் குரு, டாக்டர் ஊசி கையில, உன் ஊசி காதுலயா?" என்பார். லிங்கப்பனுக்கும் சிரிப்பு வரும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

ஏழு வருடங்களுக்கு முன் அப்படித்தான் ராமக்காளிடம் போனார். கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக்குப் பின்னால் தகரக் கொட்டகைகள். சென்ட்ரிங் வேலை செய்யும் ஜடையனின் மனைவி அவள்; அவளும் கொள்ளேகால் பக்கம், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆறு நாளாகத் தூக்கமில்லை, சோறில்லை. சிமெண்ட் மூட்டை அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, "அப்பங்கிட்டப் போவோணும்" என்று ஒரே சொல்லாக அரற்றிக்கொண்டிருந்தாள்.

லிங்கப்பன் தகரத்தில் காதை வைத்துக் கேட்டார். வழி கிடைத்துவிட்டது.

"அம்மிணி, நானு மார்டள்ளி. உங்கப்பன் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கறாரு. கூட்டியாரச் சொல்லித்தான் நம்மள அனுப்பிருக்குது."

"நெசமாலுமா? ஊசி போட மாட்டாங்களே?"

"ஊசி எதுக்கு? நேரா பஸ் ஸ்டாண்டுதான்."

தாழ் விலகியது. இரண்டு சேலை, ஒரு சீப்பு, எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு, தலையைக்கூட ஒதுக்கிவிட்டுக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். மொத்தம் பதினெட்டு நிமிஷம். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும்தான் அவளுக்குப் புரிந்தது. நான்கு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இடது மணிக்கட்டைப் பிடித்தவர் லிங்கப்பன். அவள் அவரைப் பார்த்து, "மார்டள்ளியாருன்னுதானே ஏறுனேன்" என்றாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது நாச்சம்மாளிடம் அதைச் சொன்னார், சாமர்த்தியமாகத்தான் சொன்னார். நாச்சம்மாள் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டுக் கேட்டாள்.

"அவங்கப்பன் எங்கிருக்கறாருன்னு கேட்டீங்களா?"

"அதையெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்க முடியுமா? வண்டியில ஏத்தறதுதான் என்ற வேல."

"ஏத்தீட்டீங்க. இனி அந்தப் புள்ள யாரு கூப்புட்டா ஏறுவா?"

"நீ கொஞ்சம் சும்மா இரு. சோத்தப் போடு" என்றார்.

இரண்டு நாள் கழித்து வேறொரு நோயாளியைக் கொண்டுபோனபோது வார்டுக்கு வெளியே ஜடையன் உட்கார்ந்திருந்தான்.

"அவங்கப்பன் செத்து ரெண்டு மாசமாச்சுங்க. அதுலயிருந்துதான் இவளுக்கு இப்பிடி. நீங்க சொன்னப்ப, பெரியவங்க பேசறாங்க, நடுவுல நாம எதுக்குன்னு இருந்துட்டேன். இப்பக் கண்ண முழிச்சா, அப்பன் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறான், யாரும் கூட்டியாரலையேன்னு அழுவறா."

உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். டியூட்டி இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்றார். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனபோது அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். கொட்டகையும் காலி. விசாரித்தால் முகவரி கிடைத்திருக்கும். அவர் விசாரிக்கவில்லை.

மூன்று வருடம் போனபின் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பினார்கள். நடத்த வந்தவர் வைஷாலி என்ற மனநல மருத்துவர். சின்ன வயசு, மெல்லிய குரல். அவரே நோயாளி போல மூலையில் போய்க் குறுகி உட்கார்ந்துகொண்டு, "யாராவது என்னைக் கூட்டிப் போங்க" என்றார். எல்லோரும் லிங்கப்பனைத் தள்ளினார்கள். "உங்க அம்மா வெளிய நிக்கறாங்கம்மா, வாங்க" என்று இரண்டே நிமிஷத்தில் அழைத்து வந்துவிட்டார். கைதட்டல். நஞ்சுண்டசாமி விசிலே அடித்தார்.

வைஷாலி சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "லிங்கப்பனவரே, வந்துட்டேன். இப்ப ஆஸ்பத்திரி வாசல். அம்மா இல்ல. இனி என்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார்.

லிங்கப்பன் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

அந்த மூன்று நாளில் கற்றதெல்லாம் கேட்க எளியவை. ஒருவர் மட்டும் பேச வேண்டும். அவர்கள் கண்மட்டத்துக்குக் கீழே உட்கார வேண்டும். முதலில் தன் பேரைச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். நடக்காததை நடக்கும் என்று சொல்லக் கூடாது. நாம் நிற்பதே அவர்களுக்குப் பயம் என்றால், விலகிப் போக வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த மூத்த ஆள் என்று மறுவருடமே லிங்கப்பனையும் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் அந்த 'ஒரு ஊழியர்' பஸ் ஸ்டாண்டில் ஒரு செத்த மனிதரை நிற்கவைத்தார். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். "எவன் சார் அவன்?" என்று ஒருவர் கேட்டுக்கூட இருக்கிறார். லிங்கப்பன் போர்டைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

போன ஆகஸ்டில் ஒரு காலை, மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தபோது, ஹெப்பாளிலிருந்து அழைப்பு. வண்டியில் நஞ்சுண்டசாமியும், லிங்கப்பனிடம் பயிற்சி முடித்த ஸ்ரீதேவியும் இருந்தார்கள். ஸ்ரீதேவி கன்னடப் பெண். தமிழ் ஒரு சொல் வராது. வாடகை வீட்டு வாசலில் நின்ற ஆளைப் பார்த்ததும் லிங்கப்பனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஜடையன். தலை நரைத்திருந்தது.

"மாத்திரைய அவளே நிறுத்திப்போட்டாளுங்க. அஞ்சு நாளாத் தூக்கமில்ல. குளிக்கற ரூமுல தாழ் போட்டுக்கிட்டா. ஆம்புலன்ஸ் சத்தங் கேட்டாலே கதவச் சாத்தற ஆளுங்க அவ. வேற வழி தெரியாமத்தான் கூப்புட்டேன்."

இந்த முறையும் இழுத்துத்தான் கொண்டுபோனோம் என்றால், அப்புறம் ராமக்காள் எந்த ஆஸ்பத்திரிப் பக்கமும் வரப்போவதில்லை. லிங்கப்பன் ஈரத் தரையில் கதவை ஒட்டிச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். ஸ்ரீதேவி பின்னால் குந்தினாள்.

"அம்மிணி, நானு லிங்கப்பன். ஆம்புலன்ஸ்ல இருந்து வந்திருக்கறேன்."

உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"மார்டள்ளியாரா?"

"ஆமாங்க."

"எங்கப்பன் இன்னும் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கறானா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இல்லீங்க. அன்னைக்கு நாஞ் சொன்னது பொய்யி. அவரு செத்துட்டாருன்னு எனக்குத் தெரியாது. நாங் கேக்கவும் இல்ல. தப்பு என்னுதுதான்."

"ஊசி போடுவாங்களா?"

"போடுவாங்க."

"வார்டுக் கதவச் சாத்துவாங்களா?"

"சாத்துவாங்க. எத்தன நாளுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க."

"இத அன்னைக்கே சொல்லீருந்தா என்ன?"

பின்னால் ஸ்ரீதேவி இருமினாள்.

"யாரது?"

"என்கூட வேல செய்யற புள்ளைங்க. பேரு ஸ்ரீதேவி."

"அது இருக்கட்டும். நீ போ. உன்ற பேச்சே எனக்கு வேண்டாம்."

இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எழுந்தார். ஸ்ரீதேவியிடம் கன்னடத்தில், "நீ பேசு. அவசரப்படாதே" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய் நனைந்தபடி நின்றார். நஞ்சுண்டசாமி கேலி எதுவும் சொல்லாமல் குடையை நீட்டினார்.

ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆனது. ராமக்காள் ஸ்ரீதேவியின் கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடந்து வந்தாள், செருப்புப் போட்டுக்கொண்டு. அந்த ஆள் பின்னால் உட்காரக் கூடாது என்று ஒரே நிபந்தனை. லிங்கப்பன் முன்னால் ஏறிக்கொண்டார்.

டிரைவருக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். அது வழியாக ராமக்காளின் குரல் கேட்டது. அப்பனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள், கட்டட வேலையில் பழகிய அரைகுறைக் கன்னடத்தில். சாவுச் செய்தி வந்து, பஸ் கிடைத்து, இவள் ஊர் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்களாம். அப்பனுக்கு இவள் கையால் வாய்க்கரிசி போடக் கிடைக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தாள். "அக்கி" என்றாள், அரிசி என்பதற்கு அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். "வாயில... அக்கி..." அதற்கு மேல் கன்னடம் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி அங்கேயே நின்றாள். ஸ்ரீதேவி அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள், அவர் சொல்லிக்கொடுத்தபடியே.

கை நீட்டினால் தொடும் தூரம். இத்தனை வருடமாக அவளுக்குள் கிடந்தது அதுதான் என்று இப்போது தெரிந்தது. ஒரு வாக்கியத்தில் அவர் அதை ஸ்ரீதேவிக்குச் சொல்லிவிடலாம். ஆனால் இவர் பேச்சே வேண்டாம் என்று சொன்னவள் அவள். லிங்கப்பன் வாயைத் திறக்கவில்லை.

முன் கண்ணாடியில் மழை வழிந்தது. "அக்கி..." என்று ராமக்காள் மூன்றாவது தடவையாக ஆரம்பித்தாள்.