தர்க்யே பிடித்த மோமோ

டொரன்டோவில் பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டிய தர்க்யே, மார்ச் மாதத்திலிருந்து ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. உறைபனியில் வழுக்கிய சைக்கிள்காரன் ஒருவன், அவருடைய சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் வந்து விழுந்தான். பஸ் நின்றுவிட்டது. அவன் எழுந்து, பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கையாட்டிவிட்டுப் போயே போய்விட்டான். தர்க்யேயின் கைகள்தான் அன்றிலிருந்து நடுங்கின. இரவில் ஒரு மணி நேரம் தூங்கினால் அதிகம்.

அவர் குடியிருந்த பார்க்டேல் பகுதியின் திபெத்தியர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். அவரைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பஸ் என்ற சொல்லையே எடுக்கமாட்டார்கள். மனைவி காண்டோ கதவைக்கூட ஓசைப்படாமல் சாத்தினாள். அந்த அக்கறையில்தான் அவருக்கு மூச்சு முட்டியது.

ஜூலையில் ஏரிக்கரைப் பூங்காவில் திபெத்தியத் திருவிழா.

"வீட்ல சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு, அங்க வந்து மனுசங்களைப் பாருங்க," என்று காண்டோ இழுத்துப் போனாள்.

மோமோ கூடாரம் அவள் பொறுப்பு. பத்து மணிக்கே வரிசை மேடை வரை நீண்டுவிட்டது. மோமோ பிடிக்க ஆள் போதவில்லை. யாரும் கேட்காமலே தர்க்யே கை கழுவி வந்து உட்கார்ந்தார்.

மாவு வட்டத்தில் இறைச்சிப் பூரணம் வைத்து, விளிம்பைக் கொசுவம்போல் மடித்து மூட வேண்டும். விரல் நடுக்கத்தில் மடிப்பு பிரிந்து பூரணம் பிதுங்கியது. நாலைந்து அப்படியே பாழாயின. எல்லாரும் பார்த்தும் பாராததுபோல் குனிந்துகொண்டார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த யாங்கியின் வாய்க்குப் பூட்டு கிடையாது. நசுங்கிய ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "இது என்னண்ணே, பஸ்ஸு ஏறின மோமோவா?"

சொன்ன பிறகுதான் யாங்கிக்கே உறைத்தது; முகம் சிவந்தது. காண்டோ கரண்டியைக் கீழே வைத்தாள்.

தர்க்யே மோமோவையே பார்த்தார். "ஏறலை யாங்கி," என்றார். "ஒரு முழத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்."

"அப்புறம் ஏண்ணே இது இந்தக் கதியில இருக்கு?"

"பிடிச்சவன் டிரைவரு. வேற எப்பிடி இருக்கும்?"

முதலில் அவர்தான் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடக்கி வைத்திருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு, பிடித்துக்கொண்டே, அன்று நடந்ததை முதல் தடவையாக முழுக்கச் சொன்னார். நடுநடுவே யாங்கி கேள்வி கேட்டாள். அவருடைய மோமோக்களும் மெல்ல மெல்ல மூடிக்கொண்டன. அழகு என்று சொல்ல முடியாது.

மதியம் கூட்டம் குறைந்ததும், பிக்குகள் வண்ணமணலால் மண்டலக் கோலம் இடும் கூடாரத்துக்குப் போய் நாற்காலியில் சாய்ந்தார். செப்புக் குழலை உரசி மணலை வரிவரியாக உதிர்க்கும் கிரகிர ஓசை விடாமல் கேட்டது. வெளியே மத்தளம் முழங்கியது.

தட்டோடு தேடிவந்த காண்டோ, அவர் வாய் பிளந்து தூங்குவதைக் கண்டாள். வயதான பிக்கு ஒருவர் நிமிர்ந்தார்.

"குறட்டை தொந்தரவா இருக்கா சாமி? எழுப்பிடவா?" என்றாள் காண்டோ.

"தூங்கட்டும்மா. எங்க மடத்துல பூஜை நடுவுலயே இதைவிடப் பெருசாக் கேட்டிருக்கேன்."

தர்க்யே வேலைக்குத் திரும்ப இன்னும் இரண்டு மாதம் ஆனது. ஆனால் அன்று மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினார். காண்டோ பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தட்டிலிருந்த மோமோக்களை ஒவ்வொன்றாகத் தானே தின்று தீர்த்தாள்.