மோட்டாருக்கு நான் வைத்த பொட்டு

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆயுத பூஜை அன்று நெய்வேலியில் நடந்தது இது. ஒரு தண்ணீர் மோட்டாரின் முன்னால், கையில் குங்குமச் சிமிழோடு, பயந்துபோய் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பொட்டு வைப்பதற்கு இவ்வளவு பயமா என்று நீங்கள் கேட்கலாம். முன்கதையைக் கேட்டால் கேட்க மாட்டீர்கள்.

என் கணவராக இருந்தவருக்குச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். ஒரே மகள். அவள் காலேஜ் முடித்துச் சென்னையில் வேலைக்குப் போன பிறகு, எனக்கு நாற்பத்தைந்து வயதில், விவாகரத்து ஆனது. ஏன், எதற்கு, யார் மேல் தப்பு என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவரும் நல்லவர்தான், நானும் நல்லவள்தான். ஒரே கூரைக்குக் கீழே இருக்கும்போது மட்டும் இரண்டு பேராலும் அப்படி இருக்க முடியவில்லை.

குவார்ட்டர்ஸ் அவர் பேரில் இருந்ததால் வெளியேற வேண்டியவள் நான். பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். டவுன்ஷிப்புக்கும் வடக்குத்துக்கும் கூப்பிடு தூரம்தான். ஆனால் எங்கள் ஊரில் புதிதாக யாரைப் பார்த்தாலும் பேரைக் கேட்பதற்கு முன்பே “எந்த பிளாக், சார் எங்க வேலை” என்றுதான் கேட்பார்கள். அந்த இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லாமல் போயிற்று. மார்க்கெட்டுக்குப் போனால்கூடத் தெரிந்த முகம் வந்தால் கத்திரிக்காய்க் கூடைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்த வருஷம் கத்திரிக்காய் நிறைய வாங்கினேன்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது ஒரு வளைகாப்பு. பழைய குவார்ட்டர்ஸில் எனக்குப் பக்கத்து வீட்டம்மா, தன் மகளின் வளைகாப்புக்கு மறக்காமல் போன் பண்ணிக் கூப்பிட்டார். அந்தப் பெண் என் மடியில் வளர்ந்தவள். ஆசையாகக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு போனேன். ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் போட, என் முறை வந்து நான் எழுந்தபோது, அந்த அம்மா என் கையைப் பாசமாகப் பிடித்து, “நீ சாப்பாட்டுப் பந்தியைக் கொஞ்சம் பார்த்துக்கம்மா, அங்க ஆள் இல்ல” என்றார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார். பந்தியில் நாலு பேர் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. கொண்டு போன வளையலை யாரிடமோ கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து குமுறிக் குமுறி அழுதேன்.

புருஷனைப் பிரிந்தவள் கை ராசியில்லை என்று அவர் நினைத்ததுகூடப் பெரிதில்லை. நாளாக ஆக நானே அதை நம்பத் தொடங்கியதுதான் கொடுமை. பால் திரிந்தால் என் ராசி. பஸ்ஸை விட்டால் என் ராசி. மகள் இன்டர்வியூவுக்குப் போகிறேன் என்றால், அவள் திரும்பி வரும்வரை நான் போன்கூடப் பண்ண மாட்டேன். விசேஷ வீடு எதற்கும் போவதில்லை. போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். என்னை ஒதுக்குகிற வேலையை மற்றவர்களுக்கு வைக்காமல் நானே செய்துகொண்டேன்.

வடக்குத்தில் என் பக்கத்து வீட்டு அக்காதான் என்னை வெளியே இழுத்துப் போட்டவர். சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேட்டில் நடுவதற்கு மரக்கன்று வளர்க்கிற நர்சரி ஒன்றில் அவர் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். ஒருநாள் காலையில், “வூட்டுக்குள்ளயே குந்திகினு சுவத்த பார்த்துகினு இருந்தா சுவர் என்னா பதிலா சொல்லப் போவுது? கெளம்பு” என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். முதல் நாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பைகளில் மண் நிரப்பும்போது, பெர்மனென்ட்காரர் பெண்டாட்டியாக இருந்தவள் கான்ட்ராக்ட் கூலியாக வந்துவிட்டாளே என்று யாராவது பார்ப்பார்களோ என்று கூசியது. ஒரு வாரத்தில் கூச்சம் போய் இடுப்பு வலி வந்தது. இடுப்பு வலிக்குத் தைலம் இருக்கிறதே, அது தேவலாம்.

மோட்டார் என் கைக்கு வந்தது தற்செயல். அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் வேறு கான்ட்ராக்டுக்குப் போய்விட்டார். ஷாக் அடிக்கும் என்று பெண்கள் யாரும் கிட்டே போகவில்லை. நான் போனேன். ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு வாழ்க்கைப்பட்டவர்களுக்குத் தெரியும். அவர் வேலைக்குப் போன பிறகுதான் வீட்டில் ஃபியூஸ் போகும், குழாய் ஒழுகும், மிக்ஸி புகையும். இருபது வருஷத்துக்கு மேல் அதையெல்லாம் நானே பார்த்துப் பழக்கம். நான் சுவிட்சைப் போட்டதும் தொட்டித் தண்ணீர் ஓஸ் வழியாகப் போய்க் கன்றுகள் மேல் விழுந்தது. அன்றிலிருந்து காலையில் மோட்டார் போடுவது நான், நிறுத்துவது நான், மழை வந்தால் சாக்கு போட்டு மூடுவதும் நான். அது சத்தம் போடும் விதத்திலேயே அதற்கு என்ன குறை என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. சொன்னால் சிரிப்பீர்கள், வேலையை விட்டு வரும்போது அதை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் வருவேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் தீபாவளியைவிட இதுதான் பெரிது. இயந்திரங்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, வேலை செய்யும் இடத்தை வீட்டு ஆட்களுக்குக் காட்டுவார்கள். பட்டுப் புடவையும் குழந்தையுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து பார்ப்பார்கள். நானும் வருஷா வருஷம் அப்படிப் போய், மலை மாதிரி நிற்கும் மண்வெட்டும் இயந்திரத்துக்கு அவர் பொட்டு வைப்பதைக் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தவள்தான். இந்த முறை லீவு போட்டுவிடலாம் என்று நினைத்தேன். மகள் விடவில்லை. காலையில் அப்பாவின் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, மதியம் என் மோட்டாரைப் பார்க்க வருவதாகச் சென்னையிலிருந்து கிளம்பி வந்துவிட்டாள்.

முந்தின நாள் நானும் அக்காவும் மோட்டாரைத் துடைத்தோம். வாசலைப் பெருக்கி, குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற கை சும்மா இருக்குமா? தொட்டிக்குள் இறங்கும் பைப்பையும் மேலே தூக்கி, அதன் அடியில் இருக்கும் வால்வில் படிந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி மறுபடி இறக்கினோம். ஸ்பேனர், மண்வெட்டி, பூவாளி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக அடுக்கினோம். ஓஸைச் சுருட்டி நடுவில் வைத்து, அதன் வாய்க்குச் சாமந்திப்பூ சுற்றியது என் ஐடியா.

பூஜை அன்று மதியம் நல்ல கூட்டம். டவுன்ஷிப்பிலிருந்தும் நிறைய பேர் வந்திருந்தார்கள். அதில் பட்டுப் புடவை சரசரக்க அந்த வளைகாப்பு அம்மாவும் நின்றார். என்னை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் மெதுவாகக் கன்றுகள் இருக்கும் நிழல்வலைக்குப் பின்னால் நகர்ந்தேன். அங்கே கத்திரிக்காய்க் கூடை இல்லாதது ஒரு குறை.

அதற்குள் சூப்பர்வைசர் குங்குமச் சிமிழை நீட்டி, மோட்டாருக்குப் பொட்டு வைக்க என்னைக் கூப்பிட்டார். அக்காவிடம் ஓடிப்போய், “நீங்க வைங்கக்கா, நான் வேணாம்” என்றேன். காரணத்தையும் காதோடு சொன்னேன். அவர் ரகசியம் பேசுகிற ஆள் இல்லை.

“மெஷினை எவங்க ஓட்றாங்களோ அவங்கதான் பொட்டு வெக்கணும். நான் வெச்சா அது என்னா நெனைக்கும், யாரோ வந்து தொட்றாங்கன்னு நெனைக்கும். உன் புருஷனா வந்து தண்ணி எறைச்சாரு இத்தினி நாளும்? போ மா.”

கூட்டம் முழுக்கக் கேட்டது. வேறு வழியில்லாமல் போனேன். மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். அவசரத்தில் பொட்டு கோணலாக விழுந்தது. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். பிறகு மோட்டாரை ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும், அதுதான் வழக்கம். மனசுக்குள் வேண்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

மோட்டார் சுற்றியது. தண்ணீர் வரவில்லை.

கொஞ்சம் பொறுத்தோம். சத்தம் மட்டும்தான். பின்னால் யாரோ ஒரு பெண், “வேற யாரையாவது வெக்கச் சொல்லியிருக்கலாம்” என்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மகள் கையை இறக்கினாள். இனிமேல் இந்த மோட்டாரையும் தொட விட மாட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. எனக்கென்று இருந்த ஒன்றும் போயிற்று என்று கண் கலங்கிவிட்டது.

கண்தான் கலங்கியது, காது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். இழுக்கத் தண்ணீர் இல்லாமல் காற்றை மென்றுகொண்டிருக்கிற சத்தம். பைப் நிறையத் தண்ணீர் நின்றால்தான் மோட்டார் தொட்டியிலிருந்து இழுக்கும். முந்தின நாள் பாசி தேய்க்கப் பைப்பைத் தூக்கினோமே, உள்ளே நின்ற தண்ணீரெல்லாம் அப்போதே இறங்கியிருக்கும். திரும்ப ஊற்றி நிரப்ப மறந்துவிட்டோம். அவ்வளவுதான் விஷயம்.

சுவிட்சை அணைத்தேன். “காத்து பூந்துடுச்சு சார். ரெண்டு குடம் தண்ணி ஊத்துனா எடுக்கும்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஆனால் மேலே இருக்கும் மூடியைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனரோ சந்தனம் பூசி, பூ வைத்து, பூஜையில் படுத்திருக்கிறது. பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பார்கள். சூப்பர்வைசர் அக்காவைப் பார்த்தார், அக்கா ஸ்பேனரைப் பார்த்தார்.

“வேல செய்யறதுக்குத்தான அதுக்குப் பூஜை போட்டோம். எடு மா, சாமி ஒண்ணும் கோச்சிக்காது.”

எடுத்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூடியைக் கழற்றினேன். அக்கா குடம் குடமாகக் கொண்டுவந்து கொடுக்க, பைப் வழியும்வரை ஊற்றி, மூடியை முறுக்கி, மறுபடி சுவிட்சைப் போட்டேன். இந்த முறை சத்தம் கனத்தது. அந்தக் கனத்தைக் கேட்டதும், வரப் போகிறது என்று எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

ஒன்றை மறந்துவிட்டேன். ஓஸ் கூட்டத்துக்கு நடுவில் பூச்சூடி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் பாய்ந்ததும் அது ஒரு துள்ளுத் துள்ளி எழுந்து, சாமந்திப்பூவைத் துப்பிவிட்டு, சூப்பர்வைசர், சுண்டல் தட்டு, பட்டுப் புடவைகள், என் மகள் என்று ஒருவரையும் விடாமல் குளிப்பாட்டியது. பெரியவர்கள் சிதறி ஓட, குழந்தைகள் உள்ளே ஓடி வந்தார்கள். அணைக்கச் சொல்லிக் கத்தினார்கள். எனக்குச் சிரிப்பில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்பது, சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

மகள் சொட்டச் சொட்ட வந்து கட்டிக்கொண்டாள். “அப்பா மெஷின் பெருசும்மா. ஆனா கிட்ட நின்னு பார்க்க விடல. உன்னோடது குளிக்கவே வெச்சிடுச்சு” என்றாள். கோணல் பொட்டு வைத்த மோட்டாரோடு என்னை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள். அவள் போனில் இன்றைக்கும் என் நம்பருக்கு அந்தப் படம்தான்.

வளைகாப்பு அம்மா புடவையைப் பிழிந்துகொண்டு கிட்டே வந்தார். நான் கொஞ்சம் விறைத்துக்கொண்டேன். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நனையாத சுண்டல் இருக்கிறதா என்று கேட்டு, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பேரன் பிறந்திருப்பதைச் சொன்னார். பிறகு, நாங்கள் பெண்களெல்லாம் சொந்தமாகப் பால் பாக்கெட்டில் போட்டு வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்றுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நானும் மூணு தடவ வெச்சேம்மா, வரவே மாட்டேங்குது. உன் கையால ஒண்ணு எடுத்துக் குடேன்.”

கேட்டதை அவர் யோசித்துக் கேட்டாரா என்று தெரியாது. ‘உன் கையால’ என்பது மட்டும் என் காதிலேயே நின்றது. நல்ல திடமான கன்றாகப் பார்த்து எடுத்து, வேர் அசையாமல் அவர் கையில் வைத்தேன். பேரனுக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடுக்கச் சொன்னேன். நீயே வந்து கொடு என்றார். போனேன். கறிவேப்பிலை இப்போது அவர் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று கதை விட மாட்டேன். வாடகை வீடுதான், கான்ட்ராக்ட்தான், எந்த பிளாக் என்று இன்னமும் கேட்கிறார்கள். வடக்குத்து, நர்சரியில் மோட்டார் ஓட்டுகிறேன் என்று சொல்கிறேன். சொல்லும்போது எனக்கே ஒரு பெருமையாக இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து எதற்குக் கூப்பிட்டாலும் முதல் வரிசையில் போய் உட்காருகிறேன். இப்போதும் பால் திரிகிறது, பஸ் போய்விடுகிறது, சில காலையில் மோட்டார் தண்ணீர் எடுக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறது. அப்போதெல்லாம் என் ராசியை நான் சந்தேகப்படுவதில்லை, இரண்டு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுகிறேன்.