நிதி ஆலோசகர் ஆவதற்கு நான் படித்த படிப்பு

காலேஜ் பாரத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'நிதி ஆலோசகர்' என்று எழுதுகிறீர்கள், பிள்ளைகளா. அந்தப் பட்டம் எனக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

1. தகுதி

பத்தாவது பாஸ். திருத்தணி தாலுகா ஆபீஸ் எதிரில் எட்டு வருடம் ஜெராக்ஸ் போட்டேன். பிறகு அரக்கோணத்தில் ஒரு இன்சூரன்ஸ் கிளையில் சில நாள் பயிற்சி. சரியான விடைக்கு டிக் அடிக்கும் பரீட்சை. இரண்டாவது தடவை பாஸானேன். வேலைக்குப் போன முதல் நாளே மேனேஜர் கூப்பிட்டார்.

"இன்னிலேர்ந்து நீ ஏஜெண்ட் இல்லய்யா, அட்வைசர். டை கட்டு."

அறிவு கழுத்து வழியாக ஏறும் என்று அவர் நம்பினார். நானும் நம்பிக் கட்டினேன்.

2. ஆலோசனை

முதல் கஸ்டமர் அம்மையார்குப்பம் ஏழுமலை, தறி நெய்கிறவர். மனை விற்ற பணம் வைத்திருந்தார். என் டையை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்து, "பாலியஸ்டர் சார்" என்றார். துணியைச் சரியாக எடைபோட்டவர், அதைக் கட்டியிருந்த ஆளை விட்டுவிட்டார்.

"தையில பொண்ணுக்குக் கல்யாணம். அதுவரிக்கும் பத்திரமா இருந்தா போதும் சார்."

"ஆங், அதுக்கு நான் கேரண்டிங்க" என்று சொல்லி, பத்து வருடம் எடுக்க முடியாத பாலிசியில் போட்டேன். அதைவிடப் பத்திரம் ஏது? கமிஷனும் அதில்தான் அதிகம்.

பாலிசி பேப்பர் தபாலில் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், அவர் மனைவி கன்னியம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

"இன்னா சார், எம்பொண்ணு பத்து வருசம் கழிச்சித்தான் தாலி கட்டிக்கணுமா? மாப்ள வூட்டாண்ட நீங்களே வந்து சொல்லிடுங்க. டை கட்டிகினு வாங்க, நம்புவாங்க."

பயிற்சிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பேப்பர் கைக்கு வந்து குறிப்பிட்ட நாளுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரலாம். பரீட்சையில் நான் முதல் தடவை தப்பாக டிக் அடித்த கேள்வி அது. பாலிசி வேண்டாமென்ற கடிதத்தை நானே எழுதினேன். ஏழுமலை கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "உன் கமிஷன நீயே அறுத்துக்கிறியா? உனக்கு எவன்யா அட்வைஸ் பண்றது?" என்றார். நியாயமான கேள்வி.

சின்னப் பிடித்தம் போகப் பணம் திரும்பி வந்தது. தையில் கல்யாணமும் நடந்தது. பந்தியில் ஏழுமலை தன் அக்கா புருஷனிடம் என்னை அறிமுகப்படுத்தினார்.

"பணத்த மாட்டி உட்டதும் இவருதான் பாவா, எடுத்துக் கொடுத்ததும் இவருதான். நீ இவராண்ட பணம் கொடுக்காத. எங்கனா மாட்டிகினா மட்டும் இவராண்ட போ."

இன்றும் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தச் சிபாரிசில் வருகிறவர்கள்.

பாடம் சின்னது. பணம் எப்போது வேண்டும் என்று ஒருவர் சொன்னால், காது கொடுத்துக் கேளுங்கள். அதற்குப் பரீட்சை வைக்கவில்லை. வைத்திருந்தால் எங்கள் கிளையில் ஒருத்தரும் பாஸாகியிருக்க மாட்டோம்.