போலே என்றால் ஐந்து மார்க்

பொசிபோரிக்கு நான் வெட்டிய மார்க்கையெல்லாம் கூட்டினால் ஒரு வகுப்பே ஃபெயிலாகும். பெருமைக்குச் சொல்லவில்லை, அதுதான் என் வேலை. நைரோபியில், வாயாகி சாலையைப் பார்த்த ஏழாம் மாடியில் எங்கள் பந்தயக் கம்பெனி. கால்பந்து ஆட்டத்துக்குப் பணம் கட்டியவர்கள் ஃபோனில் கத்துவதும், எங்கள் ஆட்கள் பதில் சொல்வதும் பதிவாகும். அதைக் கேட்டு நூற்றுக்கு இத்தனை என்று போட வேண்டும். ஒட்டுக்கேட்பதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் நான். ஆபீஸில் என்னை ‘ம்வாலிமு’ என்பார்கள், அதாவது வாத்தியார். மரியாதை கொஞ்சம், நக்கல் நிறைய.

நான் சேர்ந்தபோது முப்பத்தெட்டுப் பேர். ஒன்றரை வருடத்தில் நானூறு. ஆள் பெருகினதே தவிர நாற்காலி பெருகவில்லை. காலையில் ஒருத்தர் காதில் இருந்த ஹெட்போன் மத்தியானம் இன்னொருத்தர் காதுக்குப் போகும், அதே வியர்வையோடு. ஒவ்வொரு லட்சம் புது வாடிக்கையாளருக்கும் ஒரு கேக், ஆளுக்கொரு டி-ஷர்ட். சம்பள உயர்வு கேட்டாலும் டி-ஷர்ட்தான். என்னிடம் பதினொன்று சேர்ந்துவிட்டது. என் மனைவி அதில்தான் அடுப்பு துடைக்கிறாள்.

போதாக்குறைக்குப் பேச்சு முழுக்கக் கால்பந்து. முதலாளி ‘கேப்டன்’. நாங்கள் ‘ஆட்டக்காரர்கள்’. தப்பு செய்தால் மெமோ வராது, மேஜை மேல் நிஜமாகவே ஒரு மஞ்சள் அட்டையை வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு மஞ்சள் ஒரு சிவப்பு. நாங்கள் இங்கே விளையாட வரவில்லை ஐயா, பிழைக்க வந்திருக்கிறோம் என்று ஒரு நாள் யாராவது எழுந்து சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

பொசிபோரி கிசி இனத்துப் பெண், நியாமிரா மலைப்பக்கம். இருபத்தொன்பது வயது. கவாங்வாரேயில் ஒற்றை அறையில் குடித்தனம். கணவன் ஒம்பாட்டி வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுபவன், கட்டடம் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. தினமும் சப்பாத்தியும் பீன்ஸும் கொண்டுவருவாள், பக்கத்தில் யார் இருந்தாலும் பாதி பிய்த்துக் கொடுப்பாள். பந்தயத்தில் தோற்று ஆத்திரத்தோடு பேசுகிறவனும் இவள் குரலைக் கேட்டு மூன்று நிமிடத்தில் தன் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பான். அப்படி ஒரு குரல்.

கம்பெனியில் எல்லோரும் மூன்று மாத ஒப்பந்தம். இவள் எட்டு ஒப்பந்தம் முடித்துவிட்டாள். ஒன்பதாவது ஓடிக்கொண்டிருந்தபோது வயிற்றில் ஐந்து மாதம். அதை ஒரு பெரிய ஸ்வெட்டருக்குள் மறைத்திருந்தாள். காரணம் உண்டு. அவளுக்கு முன்னால் இரண்டு பெண்களுக்கு வயிறு தெரிந்ததும் அடுத்த ஒப்பந்தம் வரவில்லை. நிரந்தரம் ஆனவர்களுக்கு மட்டும்தான் ஆஸ்பத்திரிக் காப்பீடு, பிரசவ விடுப்பு. நிரந்தரம் ஆக வேண்டுமென்றால் மூன்று மாதம் விடாமல் சராசரி தொண்ணூறு மார்க் வேண்டும். அந்த மார்க் என் கையில் இருந்தது. அவளுக்குக் குறுக்கே நின்றது ஒரே ஒரு வார்த்தை.

போலே.

வந்த புதிதில் என் காதுக்கு ‘அதுபோலே, இதுபோலே’ என்று யாரோ ஆரம்பித்துப் பாதியில் விட்டதாகத்தான் கேட்டது. இந்த ஊர் ஸ்வாஹிலியில் தடுக்கி விழுந்தால் போலே. தலைவலி என்றால் போலே. நனைந்துகொண்டு வந்தால், மழையைத் தானே பெய்ய வைத்தது மாதிரி எதிரில் இருப்பவர் போலே என்பார். அது மன்னிப்பு இல்லை. நம் ‘அடப்பாவமே’வுக்குப் பக்கத்து வீடு. நாக்கூரூவில் ஒருவன் கட்டிய பந்தயம் சிஸ்டம் நின்று போனதால் பதிவாகவில்லை. அவனுக்கு எங்கள் பையன் ஒருத்தன் போலே சொல்லித் தொலைத்தான். அவன் அந்தப் பேச்சைப் பதிவு செய்து வக்கீலிடம் போனான். உங்கள் ஆளே மன்னிப்புக் கேட்டுவிட்டான், ஆகவே தப்பு உங்களுடையது என்று நோட்டீஸ் வந்தது. வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் எங்கள் வக்கீல்கள் அகராதியைப் புரட்டினார்கள், அதிலும் மன்னிப்பு என்றுதான் போட்டிருந்ததாம். அடுத்த திங்கட்கிழமை உத்தரவு வந்துவிட்டது. அந்த வார்த்தை தடை, ஒரு முறைக்கு ஐந்து மார்க். அதற்குப் பதிலாக ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று சொல்ல வேண்டும். தோற்றவனுக்கு எங்கே இருக்கிறது பொறுமை, நன்றி சொல்ல?

தளத் தலைவன் வஃபுலாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவன் புங்கோமாக்காரன், இந்த மண்ணிலேயே வளர்ந்தவன்.

“அது மன்னிப்பு இல்லைன்னு உனக்குமா தெரியாது?”

“தெரியாம என்ன வாத்தியாரே? எங்கம்மா கஞ்சியோட சேத்து ஊட்டின வார்த்தை. மேலேர்ந்து எழுதி அனுப்பிட்டாங்க. போலே வாத்தியாரே, நான் என்ன பண்ண முடியும்?”

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

மற்றவர்கள் இரண்டு வாரத்தில் பழகிவிட்டார்கள். பொசிபோரியால் முடியவில்லை. மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டாள். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்ததும் சுண்டி இழுத்து விடுவாள், வலியில் வாய் மூடிக்கொள்ளும். பதிவைக் கேட்டால் எனக்கு அந்த ‘டப்’ கேட்கும். சில நேரம் இழுப்பதற்குள் பாதி வெளியே வந்துவிடும். ‘போ...’ டப். ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’. இந்தப் ‘போ’வுக்கு எவ்வளவு வெட்டுவது என்று நானும் வஃபுலாவும் அரை மணி நேரம் பேசினோம். நாற்பத்தாறு வயதில், எம்.காம். படித்துவிட்டு, இதைப் பேசினேன். இரண்டரை என்று முடிவானது.

“பாதி வார்த்தைக்குப் பாதி மார்க்கா? நல்ல கடை நடத்துறீங்க வாத்தியாரே,” என்றாள் பொசிபோரி. “அடுத்து நான் பெருமூச்சு விட்டா அதுக்கும் ரேட்டு வைங்க.”

“கொஞ்சம் அடக்கிக்கோயேன்மா. இன்னும் ஆறு வாரம்தானே.”

“மூக்குல வர்ற தும்மலை அடக்கிப் பாருங்க, தெரியும்.”

ஆனாலும் அடக்கினாள். முதல் மாதம் தொண்ணூறரை. இரண்டாம் மாதம் தொண்ணூறு, சரியாக. மூன்றாம் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, சாயங்காலம் நான்கு மணி. இங்கிலாந்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்க, இங்கே நூற்றுக்கணக்கான அழைப்புகள் வரிசையில் நின்றன. அவளுடைய கடைசி மதிப்பெண்ணுக்கு ஒரு அழைப்பு பாக்கி. இன்னொரு போலே வந்தால் தொண்ணூறுக்குக் கீழே. நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் லைனை நேரடியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண் பேசினாள். கிசுமுப் பக்கத்துப் பேச்சு.

“மகளே, இது என் வீட்டுக்காரர் ஓகெல்லோவோட நம்பர். அவர் தவறி மூணு வாரம் ஆச்சு. நீங்க இன்னும் அவருக்குச் செய்தி அனுப்புறீங்க. ‘ஓகெல்லோ, உன்னைக் காணோமே, திரும்பி வா, அம்பது ஷில்லிங் இலவசம்’னு. என் சின்னப் பொண்ணு அதைப் படிச்சிட்டு, அம்மா, அப்பாவை யாரோ கூப்பிடறாங்கன்னு ஓடி வர்றா. அதை மட்டும் நிறுத்திடுங்க மகளே.”

அந்த இடத்தில் இந்த ஊரில் யாராக இருந்தாலும் ஒரே வார்த்தைதான். சில்லறைக்குச் சண்டை போடும் மட்டாட்டு வேன் கண்டக்டர்கூடச் சொல்வான். கண்ணாடி வழியே பார்த்தேன். பொசிபோரி ரப்பரை இழுத்துப் பிடித்திருந்தாள். விட்டாள்.

“உங்கள் பொறுமைக்கு நன்றி. கணக்கு வைத்திருப்பவர் கேட்டால் மட்டுமே செய்திகளை நிறுத்த முடியும்.”

“காதுல விழலையா? செத்துட்டாருன்னு சொன்னேன்.”

“விழுந்தது அம்மா. கணக்கு வைத்திருப்பவர்...”

“நீ எந்த ஊர்ப் பொண்ணு? உங்க வீட்ல ஒரு சாவுகூட விழுந்ததில்லையா?”

டப். டப்.

“உங்கள் பொறுமைக்கு நன்றி.”

அந்த அம்மாள் வைத்துவிட்டாள்.

படிவத்தைத் திறந்தேன். வணக்கம் சொன்னாளா, சொன்னாள். எழுதிக் கொடுத்ததைப் பேசினாளா, பேசினாள். நேரத்துக்குள் முடித்தாளா, முடித்தாள். தடை செய்த வார்த்தை, இல்லை. எங்காவது வெட்ட இடம் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினேன். அப்படி ஒரு கட்டமே இல்லை. நூறு போட்டேன்.

அந்தச் செய்தியை நிறுத்தச் சொல்லி நானே மேலே எழுதினேன். கணக்கு வைத்திருப்பவர் கேட்க வேண்டும் என்று பதில். இறந்துவிட்டார் என்று மறுபடி எழுதினேன். அப்படியானால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை இணைக்கவும் என்று பதில். மூன்றாவது முறை எழுதினேன், என் மேஜையில் ஒரு மஞ்சள் அட்டை வந்து உட்கார்ந்தது. அதற்கு மேல் எழுதவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பொசிபோரிக்கு நிரந்தரக் கடிதம். வஃபுலா அவள் பெயரைச் சொல்லி எல்லோரையும் கைதட்டச் சொன்னான். அத்தோடு விட்டிருக்கலாம். புதிதாகச் சேர்ந்த அறுபது பேருக்குப் பாடமாக, அந்தச் சனிக்கிழமைப் பதிவைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டான்.

“பாருங்க, எவ்வளவு நிதானம்! இதுதான் ஆட்டம்!”

‘செத்துட்டாருன்னு சொன்னேன்’ என்ற குரல் ஏழாம் மாடி முழுக்கக் கேட்டது. புதுப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின் வரிசையில் ஒரு பெண் தன்னையறியாமல், ஸ்பீக்கரைப் பார்த்து, “போலே அம்மா,” என்றாள். சிலர் சிரித்தார்கள். பொசிபோரி சிரிக்கவில்லை. கடிதத்தை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். ஸ்வெட்டர் போடாமல் வந்திருந்தாள் அன்று, இனி மறைக்கத் தேவையில்லையே.

கூட்டம் கலைந்ததும் என் மேஜைக்கு வந்தாள்.

“அந்த ஃபோனுக்கு எவ்வளவு போட்டீங்க வாத்தியாரே?”

“நூறு.”

“நூறா?”

அவள் குரலில் அப்படி ஒரு கோபத்தை நான் கேட்டதே இல்லை. எத்தனையோ பேர் அவளைத் திட்டிய பதிவுகளைக் கேட்டவன் நான்.

“வாய் தவறிப் போலேன்னு சொன்னப்பல்லாம் அஞ்சு அஞ்சா வெட்டினீங்களே. பாதி வார்த்தைக்கு ரெண்டரை வெட்டினீங்களே. அந்தப் பொம்பளை கிட்ட நான் சொல்லவே இல்லையே, அதுக்கு ஒரு மார்க்காவது வெட்டத் தோணலையா உங்களுக்கு?”

“படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல, பொசிபோரி,” என்றேன்.

பதினான்கு வருடம் இந்த ஊர்ச் சோறு தின்றவன் நான். அவளிடம் அப்போது சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதை விட்டுவிட்டு இதைச் சொன்னேன்.