உடல் கிடைக்காதவரின் காணி

நான் புலம்பெயர்ந்து வாழும் புவாண்ட்-கிளேரில் ஸ்கொட்லாந்து வழி முதியவர் ஒருவருக்கு அவருடைய வம்ச வரலாற்றைத் தட்டச்சு செய்துகொடுத்தேன். ஐந்நூறு வருடங்களுக்கு முந்திய மூதாதை ஒருவர் அரசவையில் மன்னருக்கு மதுக்கிண்ணம் ஏந்தி நிலம் பெற்றவர். பின்பு மன்னரோடு போருக்குப் போன அவரின் உடல் கிடைக்கவில்லை. அதே வருடம் அவரை இறந்தவராகப் பதிந்து, நிலத்தை மகனுக்கு மாற்றியிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் என் அண்ணனைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பத்து வருடங்கள்; அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவர் இறந்துவிட்டார் என்று நான் ஒப்பமிட வேண்டிய சத்தியக் கடதாசி மூன்று மாதமாக என் மேசையில் கிடந்தது. அன்று மாலை அண்ணி தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, நீங்கள் அங்க இருந்து எவ்வளவு காலமும் பாத்துக்கொண்டு இருப்பியள். நான் மகள் பெட்டைக்கு அவற்ற காணியை எழுதவேணும்.”

“நாளைக்கே அனுப்புறன், அண்ணி.”



“அப்ப, அவர் இல்லையெண்டு நீங்களும் முடிவெடுத்திட்டியள்” என்றார் அண்ணி.

இறந்த திகதிக்கான கட்டத்தில், அண்ணனைப் பிடித்துப்போன நாளை எழுதினேன்.