கத்தியைப் பார்த்த கண்

சேவல் காலில் கத்தி கட்டுவதில் சின்னண்ணனை அடித்துக்கொள்ள பரமத்தி வேலூர்ப் பக்கம் ஆளே கிடையாது. நூலைச் சுற்றும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் மனுசனுக்குத் தெரியாது. சண்டை தொடங்கிவிட்டால் இன்னும் மோசம். கத்தி சாய்கிறதா, முடிச்சு இளகுகிறதா என்று அந்தக் காலையே வெறித்துக்கொண்டு குந்தியிருப்பார்.

யுத்தம் தொடங்கிய வருசம் ஆற்றோரத் தோப்பில் சேவல்கட்டு நடந்தது. கூட்டமென்றால் கூட்டம், மூச்சுவிட இடமில்லை. அவர் கத்தி கட்டிய கருஞ்சேவல் பாய்ந்து எதிரிச் சேவலின் நெஞ்சைக் கிழித்தது. ரத்தம் நாலாபக்கமும் தெறித்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் நின்ற தம்பி கந்தன் அவர் முதுகில் சாய்ந்தான்.

"அண்ணா..."

"ஆட்டாதடா, தள்ளி நில்லு!" என்று தோளை உதறினார். கழுத்தில் சூடாக ஏதோ வழிந்தது. சேவல் ரத்தந்தானே என்று புறங்கையால் துடைத்துக்கொண்டார். எத்தனை வருசப் பழக்கம்!

எதிரிச் சேவல் சாய்ந்ததும் கூவிக்கொண்டு எழுந்து திரும்பினார். தோப்பே காலி. எதிரிச் சேவல்காரன்கூட ஓடிப்போயிருந்தான். கந்தன் கழுத்திலும் விலாவிலும் குத்துப்பட்டுக் கிடந்தான். உயிர் போயிருந்தது.

வாய்க்கால் தகராறில் கறுவிக்கொண்டிருந்த குழந்தைவேல்தான் குத்தினான் என்று ஊரே குசுகுசுத்தது. சாட்சி சொல்லத்தான் ஒரு நாதியில்லை.

"ஒட்டி நின்னவன் நீ. பாக்கலையா?" என்று போலீஸ்காரர் அறைந்த அறையில் சின்னண்ணனுக்குப் பல் ஒன்று கழன்றது. அவர் என்ன செய்வார், பாவம்! பார்க்கவில்லையே. சாட்சி இல்லையென்று குழந்தைவேலை விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கே கந்தனின் பெண்டாட்டி பொன்னாயி தலைவிரி கோலமாக வந்து நின்றாள்.

"மாமா, அவன்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லீன்னா எம் புருசன் செத்ததுக்குக் கேக்க நாதியில்லாமப் போயிருமுங்க."

"பாத்திருந்தாச் சொல்ல மாட்டனா சாமி? நாம் பாக்கலியே!"

"சேவல் எப்பிடிக் குத்துச்சுன்னு கேட்டா?"

பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது. "ரெண்டாவது பாய்ச்சல்லயே நெஞ்சுல எறங்கிருச்சு, எலும்புல படாம..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பொன்னாயி சுவரில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்தாள். அவள் ஓங்குவதைச் சின்னண்ணன் நன்றாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தலையைக் கொடுத்தார்.