சிவப்புப் பேனாவுக்குக் காத்திருந்த பத்தி

பஸ் டிப்போ மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அவளுடைய அப்பா, உள்ளூர் வாரப் பத்திரிகையில் பதினோரு ஆண்டுகள் அரசியல் பத்தி எழுதினார். நகராட்சி, மத்திய அரசு, தொழிற்சங்கம் யாரும் தப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு பத்தியையும் முதலில் சங்கச் செயலாளரிடம்தான் நீட்டுவார். "கருத்தை விடு, தகவல் சரியான்னு பாரு" என்பார்.

அவர் இறந்த மறுவாரம், மேசையில் கிடந்த கடைசிப் பத்தியோடு பொறியாளரான அவள் சங்க அலுவலகத்துக்குப் போனாள். சங்கம் போன மாதம் நடத்திய பஸ் வேலைநிறுத்தத்தை அதில் அப்பா கிழித்திருந்தார்: 'உழைக்கிறவன் பேரைச் சொல்லி உழைக்கிறவன் வழியை அடைக்காதீர்கள்.' செயலாளர் பார்க்க மறுத்தால் அதை அச்சுக்கு அனுப்ப அவளுக்கு மனம் வராது.

செயலாளர் இரண்டு முறை படித்தார்.

"செத்தும் விட மாட்டேங்கிறானே!" சிவப்புப் பேனாவைத் திறந்தார். "மூணு நாள்னு போட்டிருக்கான். அஞ்சு நாள் பஸ் ஓடலம்மா."

"மாமா, திருத்தினா அப்பா பக்கம்தானே பலமாகும்?"

"அதுக்காக? தப்பு தப்புதான்." திருத்திக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த வாரத்துலேர்ந்து நீ எழுது."

"உங்களைத் திட்ட எனக்கு விவரம் பத்தாதே."

"விவரம் நான் தர்றேன். திட்டறதை மட்டும் நீ பாத்துக்க."

அவள் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.